மீசையில்லாத நடிகர்

மில்லர்புரம், தூத்துக்குடி
6.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

தபால்காரர் உங்கள் கடிதத்தை நீட்டியதும் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தினமும் கடை சாத்திவிட்டுப் போனில் பேசுகிறவர் திடீரென்று தபாலில் எழுதினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். பிரித்துப் பார்த்தால், இனி போன் வேண்டாம், கடிதம் எழுதுவோம், உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மூன்று வரி. என் கையெழுத்து பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படித்தான் இருக்கிறது.

கடைக்குப் போன் அடித்தால் செந்தூர்பாண்டி மாமாதான் எடுக்கிறார். "அத்தான் கொடோன்ல நிக்காவ" என்கிறார். தம்பி என்றும் பார்க்காமல் அம்மா அவரை ஏசிவிட்டாள். எப்போது அடித்தாலும் நீங்கள் கொடோனில்தான். ஆவடிக் கடைக்கு அவ்வளவு பெரிய கொடோன் எப்போது கட்டினீர்கள்?

என் மேல் கோபமா அப்பா? நானல்லவா கோபப்பட வேண்டும்? தீபாவளி முடிந்ததும் உடன்குடி கருப்பட்டிக் கடை சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி பழத்தட்டோடு வந்தார். போன மாதம் குலசை தசராவில் அவர் நேர்த்திக்காகக் காளி வேடம் போட்டுக் காணிக்கை வாங்கிக்கொண்டு நின்றபோது, "உம்ம மவள எம் மவன் பாலகணேஷுக்குத் தாரீரா" என்று கேட்டாராம். நீங்கள் தலையாட்டி, அவர் தட்டில் காணிக்கையும் போட்டீர்களாம். "எனக்குச் சொன்ன சம்மதம் இல்லம்மா, அம்மனுக்குச் சொன்னது. வேசத்துல நிக்கவங்கிட்டச் சொன்னா மாத்த முடியாது" என்றார். அடுத்த தசராவில் அதே சன்னதியில் நிச்சயதார்த்தமாம். அதன் பிறகு நான் ஹார்பர் வேலைக்குப் போகக் கூடாதாம். அவர்கள் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நாலு பேர் முன்னால் வந்து பேச எனக்கு வராது. ஆபீசுக்குப் போன முதல் நாள் ஹார்பர் கேட் வரை கூட வந்தது நீங்கள்தான். "நம்ம வீட்டுலேருந்து மூட்டை சுமக்காம ஹார்பருக்குள்ள போற மொத ஆளு நீதாம்ளா" என்று சொன்னதும் நீங்கள்தான். அந்த நீங்கள் எப்படித் தலையாட்டினீர்கள்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சர்க்கரை மாத்திரை தவறாமல் போடவும்.

வாசலைப் பார்த்தபடி இருக்கும் மகள்,
செல்வி

ஆவடி
24.11.2024

என் மகள் செல்விக்கு அப்பா எழுதியது.

இங்கே நானும் மாமாவும் சுகம். மாத்திரை தவறவில்லை. இந்த மழைக்குக் கடைக்குள் தண்ணீர் வரவில்லை. கொடோன் எதுவும் கட்டவில்லை.

நீ எழுதியதைப் பல முறை படித்தேன். தலையாட்டியது உண்மை. தட்டில் பத்து ரூபாய் போட்டதும் உண்மை. மற்றதை யோசித்து எழுதுகிறேன். உன் மேல் ஒரு கோபமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு படத்துக்குப் போனேன். பூபதிராஜன் ரைஸ்மில் முதலாளியாக வருகிறார். ஹீரோ யாரோ ஒரு பையன். பூபதிராஜன் நாடகத்தில் இருந்தவர் போலிருக்கிறது. நம் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசுகிறார். அங்கே வந்தால் நீயும் பார். அவர் வேறு எந்தெந்தப் படத்தில் இருக்கிறார் என்று உன் போனில் பார்த்து எழுது. தெலுங்கிலிருந்து மாற்றிப் பேசின படம் வேண்டாம்.

அம்மாவின் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கித் தேய்க்கச் சொல்.

அப்பா

மில்லர்புரம்
15.12.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

தைலம் வந்தது. அம்மாவுக்கு வலி கொஞ்சம் தேவலை. உங்களுக்குச் சளி இருமல் இல்லையே?

ரைஸ்மில் படத்தைப் பார்த்தேன். தனியாகப் போகக் கூச்சமாக இருந்ததால் ஆபீசில் என் பக்கத்து மேசையில் இருக்கும் பத்மப்ரியாவைக் கூட்டிப்போனேன். தென்திருப்பேரைக்காரி. தியேட்டரிலும் வாய் மூடமாட்டாள். படத்தில் பூபதிராஜன் கோயிலில் வைத்து நண்பருக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார். மகள் கதறுகிறாள். "சொன்னது சொன்னதுதான்" என்று கட்டிவைத்துவிடுகிறார். நான் இடைவேளைக்குப் பிறகு முறுக்கைக்கூடத் தொடவில்லை. இதுதான் உங்கள் பதிலா? பத்மப்ரியா, "ஏன்டி, வாயால பதில் சொல்லமாட்டாரா உங்கப்பா? டிக்கெட் எடுத்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்றாள்.

அம்மாவுக்கு வேறு சந்தேகம். "கல்யாணமான புதுசுல அந்த மீசைக்கார ஹீரோ படம் வந்தா, சமைச்ச சோத்த அப்படியே போட்டுட்டு ஓடுன மனுசன். இப்ப இந்த மீசையில்லாத கெழவன்ட்ட என்னத்தக் கண்டாராம்?" என்கிறாள். எனக்கும் தெரியவில்லை. முன்பெல்லாம் படம் பார்த்து வந்தால் ஒரு வாரம் பாட்டுப் பாடுவீர்கள். இப்போது பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவர் நடித்த படங்களைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பொங்கலுக்காவது வருவீர்களா?

செல்வி

ஆவடி
9.2.2025

செல்விக்கு அப்பா.

பொங்கலுக்கு வர முடியாமல் போய்விட்டது. பதில் எழுதவும் தாமதம். இங்கே சுகம்தான். உனக்கு ஆபீசில் வேலை அதிகமா? நேரத்துக்குச் சாப்பிடு.

அந்தப் படத்தில் கதை அப்படியா? எனக்கு அவ்வளவு தெரியவில்லை. நான் பூபதிராஜன் பேசுவதைத்தான் பார்த்தேன். மற்றவர்கள் வாயை அசைத்துவிட்டுப் போகிறார்கள். உனக்கு எதையும் சொல்வதற்காக அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லவில்லை.

கடைசியில் அந்த மகள் அழுதுகொண்டே அவரிடம் என்னமோ சொன்னாளே, அது என்ன? நினைவிருந்தால் எழுது.

நீ எழுதி அனுப்பியதில் ரயில்வே படத்தைப் பார்த்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் வேடம். தொப்பி போட்டிருந்தாலும் முகம் நன்றாகத் தெரிகிறது. நீயும் பார்.

அப்பா

மில்லர்புரம்
2.3.2025

அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த மகள், "என் முகத்தப் பாத்து ஒரு வார்த்தை பேசுங்கப்பா" என்றாள். தியேட்டரில் எல்லோருக்கும் கேட்டது. நீங்கள் மட்டும் எப்படி விட்டீர்கள் என்று தெரியவில்லை.

ரயில்வே படத்தைப் போனில் பார்த்தேன். அதில் அவர் தாலி கட்டப் போகும் நேரத்தில் கல்யாணத்தை நிறுத்துகிறார். ஒரு படத்தில் கட்டிவைக்கிறார், இன்னொன்றில் நிறுத்துகிறார். நான் இதில் எதை எடுத்துக்கொள்வது? உங்களால் இப்போது அவர் வரும் எல்லாப் படத்தையும் பார்க்கிறேன். கோழிப்பண்ணைக்காரராக, பாதிரியாராக, பேயாகக்கூடப் பார்த்துவிட்டேன். எனக்கு அவரைப் பிடிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவர் முகம் வந்தால், இப்போதாவது அப்பா ஏதாவது சொல்லப் போகிறார் என்று நிமிர்ந்து உட்காருகிறேன்.

நேற்று சாயங்காலம் கடைக்குப் போன் அடித்தேன். மாமா கொடோன் என்றார். அவருக்குப் பின்னால் நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பு எனக்குத் தெரியாதா? "மாமா, அப்பா பக்கத்துலதான நிக்காவ, குடுங்க" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

செல்வி

ஆவடி
20.5.2025

என் செல்விக்கு அப்பா எழுதியது.

இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவை ஏசாதே. அவன் செய்தது எல்லாம் நான் சொல்லித்தான்.

ஒன்று கேட்கிறேன். ராத்திரியில் ஹார்பரிலிருந்து கப்பல் ஊதும் சத்தம் இப்போதும் நம் வீட்டுக்கு வருகிறதா? நீ கைக்குழந்தையாக இருந்தபோது அதற்குப் பயந்து என் பனியனைப் பிடித்துக்கொள்வாய். போன தடவை வந்தபோது நான் கவனிக்கவில்லை.

உடன்குடி இடம் உனக்கு வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது. உன் கையால் எழுது.

அப்பா

மில்லர்புரம்
1.6.2025

அப்பா,

எனக்கு வேண்டாம்.

கப்பல் சத்தம் வருகிறது. தினமும்.

செல்வி

ஆவடி
13.7.2025

செல்விக்கு,

உன் ஒரு வரியைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இங்கே சுகம்.

அண்ணாச்சியிடம் நான்தான் பேச வேண்டும். தலையாட்டியது ஏன் என்று அவர் கேட்பார். அதைச் சொன்னால் வேறொன்றையும் சொல்ல வேண்டிவரும். அது கடைக்கும் ஆகாது, நாளைக்கு உன்னைப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கும் ஆகாது. தசரா வரை பொறு. அதற்குள் எனக்குத் தைரியம் வரும் என்று நினைக்கிறேன்.

பூபதிராஜன் படம் அடுத்த மாதம் வருகிறதாம்.

அப்பா

மில்லர்புரம்
17.8.2025

என் அப்பாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? இதைச் சடங்குக்காகக் கேட்கவில்லை. உண்மையைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இன்று மதியக் காட்சிக்கு நானும் பத்மப்ரியாவும் போயிருந்தோம். நீங்கள் சொன்ன புதுப் படம். இடைவேளைக்குப் பிறகு திடீரென்று தியேட்டரில் சத்தம் நின்றுபோனது. படம் மட்டும் ஓடியது. விசில் அடித்தார்கள், ஆபரேட்டரை ஏசினார்கள். திரையில் ஹீரோ கோபமாக ஏதோ பேசினான். தாடியும் மீசையுமாக இருந்ததால் ஒன்றும் விளங்கவில்லை. கதாநாயகி வடக்கத்திப் பெண். அவள் உதடு தமிழே பேசவில்லை. பிறகு பூபதிராஜன் வந்தார். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து யாரிடமோ பேசினார். பத்மப்ரியா என் தொடையைக் கிள்ளி, "'பஸ்ஸ விட்டுட்டேன், இனி நடந்துதான் போகணும்'கறார்டி" என்றாள். எனக்கும் அதேதான் தெரிந்தது. அவர் அடுத்துச் சொன்னதும் தெரிந்தது. காது இல்லாமலே தெரிந்தது.

சத்தம் திரும்பி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் அதற்குப் பிறகு படத்தைப் பார்க்கவில்லை.

போன தசராவுக்கு வந்தபோது, "கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டுக்காரு, மெட்ராஸ் கர்வம்" என்று அம்மா குறைப்பட்டாள். போன் வேண்டாம் என்றீர்கள். பாட்டை விட்டுவிட்டீர்கள். மாற்றிப் பேசின படம் ஆகாது என்றீர்கள். அழுத மகள் என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். கப்பல் சத்தம் வருகிறதா என்று கேட்டீர்கள். தனித்தனியாக இருந்தபோது எல்லாம் குழப்பமாக இருந்தது. இப்போது சேர்த்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

போன தசராவில் மாமா எடுத்த போட்டோ என் போனில் இருக்கிறது. அண்ணாச்சி காளி வேடத்தில், வாயை மூடி நெஞ்சு வரை தொங்கும் தகர நாக்கைக் கட்டியிருக்கிறார். அவர் எதிரே நீங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். அவர் உதடு உங்களுக்குத் தெரியவே இல்லை, அப்படித்தானே? காணிக்கை கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினீர்களா?

நான் நினைப்பது தப்பு என்றால் என்னை நன்றாக ஏசுங்கள். அதற்காக வேண்டிக்கொள்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

செல்வி

ஆவடி
7.9.2025

செல்விக்கு,

ஏசுவதற்கு ஒன்றுமில்லை. நீ நினைத்தது சரி.

இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. இப்போது இடது காதில் ஒன்றுமில்லை, வலது காதில் இரைச்சல் மட்டும். டாக்டர் மெஷின் கொடுத்தார். அதைப் போட்டால் கடையில் ஃபேன் ஓடுவதுதான் பெரிதாகக் கேட்கிறது. மேசைக்குள் கிடக்கிறது. மாமாவுக்கு மட்டும் தெரியும். அவனும் அந்தப் பெரிய மீசைக்குள் பேசுவதால் சைகைதான்.

யாராவது ஏதாவது சொன்னால் தலையாட்டிவிடுவேன். தலையாட்டினால் பெரும்பாலும் சண்டை வராது. தசராவில் எல்லோரும் காணிக்கைதானே கேட்கிறார்கள். உன் முதல் கடிதம் வந்தபோதுதான் எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்கே தெரிந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். செவிடன் என்று தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள், அம்மா என்னை ஊருக்கே வந்துவிடச் சொல்வாளே என்று நாளைக் கடத்தினேன்.

பூபதிராஜன் படத்துக்கு முதலில் சும்மாதான் போனேன். அன்றைக்கு ஒரு ஆள் என்னிடம் பேசிய மாதிரி இருந்தது. யாரிடமும் 'என்ன, என்ன' என்று திருப்பிக் கேட்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குத்தான் போகிறேன்.

தசராவுக்கு வருகிறேன். அண்ணாச்சியிடம் நானே சொல்கிறேன். அம்மாவிடம் நீ சொல்லிவிடு. பக்கத்தில் சட்டி பானை இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்.

அப்பா

மில்லர்புரம்
12.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்த தகவலை மாமா சொன்னார். வலது காதின் இரைச்சல் எப்படி இருக்கிறது? நாங்கள் நலம்.

குலசையில் நடந்ததில் நீங்கள் பார்த்தது பாதிதான். மீதியை எழுதுகிறேன்.

நீங்கள் அண்ணாச்சியின் முன்னால் போய், "அந்த நாக்கக் கழட்டும் அண்ணாச்சி, எனக்கு உம்ம உதடு தெரியணும்" என்றீர்கள். உங்களுக்குத் தெரியாது, அதை மிகவும் சத்தமாகச் சொன்னீர்கள். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். பின்னால் ஒரு பெண், "அம்மன் நாக்கயே கழட்டச் சொல்லுதான் பாரு, இவன் வெளங்குவானா?" என்றாள். அவர் கழற்றினார். "எனக்கு ரெண்டு காதும் போச்சு. நீரு கேட்டது தெரியாமத்தான் தலையாட்டுனேன். எம் மவளுக்கு இதுல இஷ்டமில்ல" என்று நீங்கள் சொன்னது கடற்கரை வரைக்கும் போயிருக்கும்.

அண்ணாச்சி குனிந்துகொண்டார். அதனால் அவர் பேசியது உங்களுக்குத் தெரிந்திருக்காது. கூட நின்றவர்களிடம் இப்படிச் சொன்னார்: "இவனுக்குக் காது போனது எனக்குத் தெரியல, அம்மனுக்குமா தெரியாது? தெரிஞ்சுதான பத்து ரூவாய வாங்கிருக்கா. அப்ப வாங்குனது காணிக்கதான், பொண்ணு இல்ல." அதன் பிறகு நிமிர்ந்து உங்களிடம், "சரி வே, போம்" என்றார். அது மட்டும்தான் உங்களுக்குத் தெரிந்தது. பாலகணேஷ் குரங்கு வேடத்தில் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வருத்தமா நிம்மதியா என்று அந்தச் சாயத்துக்குள் தெரியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். நல்லதை மட்டும் எழுதினால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள். அந்தப் பெண் என்னைக் காட்டி, "இவதான் அந்தச் செவிடன் மவளா?" என்றாள். நான் "ஆமா" என்றேன். உங்களைப் போலவே சத்தமாக. பிறகு கூட்டத்தை விட்டு விலகி மணலில் உட்கார்ந்துவிட்டேன். அதை நீங்கள் பார்த்தீர்கள், காரணம் தெரியாமல் தண்ணீர் வாங்கிக் கொடுத்தீர்கள்.

அம்மா இன்னும் சமாதானமாகவில்லை. "அப்ப ரெண்டு வருசமா நான் ஏசுனது ஒண்ணும் கேக்கலியா? அவ்வளவும் வீணாப் போச்சே!" என்கிறாள். ஆனால் நீங்கள் கிளம்பும் நாளில் மாமா மீசையை வழித்துவிட்டு வந்து நின்றாரே, அதை நினைத்தால் அடுப்படியில் தனியாகச் சிரிக்கிறாள்.

நீங்கள் கிளம்புவதற்கு முன் நாம் சேர்ந்து பார்த்த படத்தில் பூபதிராஜன் இல்லை என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. எழுந்து போய்விடுவீர்களோ என்று பயந்தேன். அதனால்தான் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, எல்லோருடைய வசனத்தையும் உங்கள் பக்கம் திரும்பிச் சொன்னேன். பின் சீட்டு ஆச்சி, "ஏளா, படம் அங்கன ஓடுது, இங்கன என்னத்தப் பாக்க?" என்றார். வில்லன் பேசும்போது நான் முகத்தை மாற்றிக்கொண்டேனாமே, நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை.

செல்வி

ஆவடி
26.10.2025

என் மகள் செல்விக்கு அப்பா எழுதியது.

இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி சுகம். மீசை இல்லாததால் மூக்குக்குக் கீழே குளிருகிறது என்று மாமா புலம்புகிறான். அவன் உதடு இவ்வளவு அசைவதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருடம் என்னை என்னென்ன ஏசியிருப்பான் என்று யோசிக்கிறேன். கடையில் 'முகத்தைப் பார்த்துச் சொல்லவும்' என்று எழுதி மாட்டியிருக்கிறேன். சிலர் வரவில்லை. மற்றவர்கள் வருகிறார்கள்.

அண்ணாச்சி சொன்னதை நீ எழுதியிருக்காவிட்டால் கடைசி வரை அவர் கோபமாகப் போனார் என்றே நினைத்திருப்பேன்.

இன்று பூபதிராஜன் படத்துக்குப் போனேன். வக்கீல் வேடம். எப்போதும் போல நன்றாகப் பேசினார். அவர் போன பிறகு மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நான் என்னை அறியாமல் பக்கத்து சீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அங்கே யாரோ ஒருவர் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தார். அவர் வாயையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. முறைத்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

பொங்கலுக்கு வருகிறேன். ஏதாவது ஒரு படம் பார்த்து வை. அதில் பூபதிராஜன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அப்பா